மார்க்கம்

ஒலிப்பதிவு பதினேழு. ஐம்பத்திரண்டு நிமிடம்.
நிமிடத்துக்கு ஒரு டொலர் பத்துச் சதம்,
மௌனத்துக்கும் அதே கூலி.
கேட்டதை மட்டும் அடிக்க வேண்டும்.
இருமினால் [இருமல்]. அழுதால் [இடைவெளி].
பெயர் வந்தால் வேறு பெயர்.

தாலியா மன்சூர், மானுடவியலாளர்,
அகதிகளையும் முஸ்லிம் அடையாளத்தையும் பற்றி
நாலு வருடமாக எழுதிக்கொண்டிருப்பவர்,
முதல் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்கிறார்.
மொழிபெயர்க்கிற பெடியன் அவசரக்காரன்:
“அன்ரி, நீங்கள் என்ன மார்க்கம்?”

“ஓம் மகன், மார்க்கம்தான்.
ஸ்டீல்ஸுக்கு வடக்கால, பதினாலாம் அவெனியூ.
போன வருசம்தான் வீடு மாறினது.”

பெடியன் சிரிக்கிறான், அவவும்.
தாலியா கடைசியாக,
விளக்கிச் சொன்ன பிறகு.
[சிரிப்பு] என்று அடித்தேன்.
நானும் சிரித்தேன். அதற்கு அடைப்புக்குறி இல்லை.

பிறகு சனிக்கிழமைகள்.
பத்து மணிக்குத் தமிழ் வகுப்பு,
பத்து மணிக்கே ஓதப் பள்ளி.
“பொங்கல் பானை கீறச் சொன்னவை,
மகள் வடிவாத்தான் கீறினவள்.
நீங்கள் தமிழரோ முஸ்லிமோ எண்டு கேட்டது ரீச்சர்.
பள்ளிவாசல்ல ஒரு உருதுக்காரப் பொம்பிளை
கையைப் பிடிச்சுக்கொண்டு கேக்கிறா,
எப்ப மார்க்கத்துக்கு வந்தனீங்கள் எண்டு.
[நாலு விநாடி]
எத்தினை பரம்பரைக் கபுறு கிடக்கு அங்க,
நான் எப்பவாம் வந்தது!”

அப்படியானால் உங்களை எப்படி அழைத்துக்கொள்வீர்கள்?
“ஆர் கேக்கினம் எண்டதைப் பொறுத்தது.”
பேனா வேகமாக ஓடுகிற சத்தம்.
இது ஒரு அத்தியாயத்தின் தலைப்பாகும்,
எனக்குத் தெரியும்.

முப்பத்தோராம் நிமிடம். ஐப்பசி. ஒலிபெருக்கி.
இரண்டு மணித்தியாலம்.
சந்தியில் வரிசை, மேசையில் காப்புகள்.
பிள்ளையின் தோடு கழற வராமல்
சவர்க்காரம் பூசினதாம்.
“அயலட்டை ஆக்கள்?”
“படலையடியில நிண்டவை.”
“என்ன சொன்னவை?”
[நாற்பது விநாடி]

எழுபத்து மூன்று சதம்.

எனக்கு அப்போது பதினொரு வயது.
எங்களுக்கும் ஒரு படலை இருந்தது.
அடுத்த தையில் அப்பா
மலிவு விற்பனையில் தையல் மெசின் கொண்டுவந்தார்.
ஆருடையது என்று எங்கள் வீட்டில்
ஒருவரும் கேட்கவில்லை.
பலகைக்கு அடியில் பச்சைப் பெயின்ரில் 786.
அம்மா அதை விலை என்று நினைத்தாள்,
அரைவாசிக்குத் தந்திருக்கிறாங்கள் என்று மகிழ்ந்தாள்.
எனக்கு இரண்டு காற்சட்டை தைத்தது அதில்தான்.
ஐந்து வருடம் கழித்து, அதே ஐப்பசியில்,
மழைக்குள் நாங்களும் வெளிக்கிட்ட இரவு
அதைத் தூக்க முடியவில்லை.
கணக்குச் சரி என்று சொல்ல வரவில்லை. சரியில்லை.
மெசின் பாரம், அவ்வளவுதான்.

இப்போது அவவுக்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.
தாலியாவின் பட்டியலில் ஃபாத்திமா, ஆயிஷா, கதீஜா.
எங்கள் ஊர்ப் பெயர் ஒன்று வைக்கலாம் என்று
தெருத்தெருவாகத் தேடினேன்.
தையல்காரற்ற மனுசி.
இரும்புக்கடைக்காரற்ற மூத்தவள்.
அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
ஃபாத்திமா என்றே அடித்தேன்.

ஐம்பத்தோராம் நிமிடம். தேத்தண்ணிக் கோப்பைகள் எடுபடுகின்றன.
அவ குரலைத் தாழ்த்திப் பெடியனிடம்:
“இதைக் கேட்டு எழுதிறது ஆர் தம்பி?
எங்கட ஆளோ?”
அவன் அதை மொழிபெயர்க்கவில்லை.
தாலியா நன்றி சொல்கிறார்.

திரும்பப் போட்டேன்.
எங்கட ஆளோ, நம்மட ஆளோ?
சரியாக அந்த இடத்தில் ஒரு கோப்பை
தட்டில் இடிக்கிறது.
ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்,
தாலியாவுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.
ஆறு தரம் கேட்டேன். சத்தத்தைக் கூட்டி, குறைத்து,
காதுக்குள் அழுத்திப் பிடித்து.
வெளியே பனி வழிக்கிற லொறி போகுமட்டும் பொறுத்து
ஏழாம் தரமும்.

[தெளிவில்லை] ஆளோ?
என்று அடித்து அனுப்பினேன்.