நம்ம லைன் இல்லை

அரியநாயகிபுரம் விலக்கில்
லைன் கிளியர் வாங்கிக்கொண்டு
கம்பத்தின் உச்சியில் பீங்கான் மாற்றிக்கொண்டிருந்தேன்.
முக்கூடல் வரைக்கும் இருட்டு.

மேற்கே பொதிகைக்கு மேலிருந்து வந்ததை
நான் நேராகப் பார்க்கவில்லை.
என் நிழலைத்தான் பார்த்தேன்.
கீழே பருத்திக்காட்டில் கம்பத்தோடு சேர்ந்து
கிழக்கே நீண்டு கிடந்தது,
விறுவிறுவென்று சுருங்கிக் காலடிக்கு வந்தது,
மேற்கே ஓடி நீண்டு
இல்லாமல் போனது.
மேற்கே உதித்துக் கிழக்கே அடைந்த ஒரு பகல்.
நாலு நொடி இருக்கும்.
பச்சை வெளிச்சத்தில்
பருத்தி வெடித்திருந்தது தெரிந்தது.

கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகி
பாதிக் கம்பம் இறங்கும் மட்டும்
ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.
அப்புறம்தான் சத்தம்.
ஒன்று, பிறகு மூன்று,
பிறகு சரல் லாரி கவிழ்த்தாற்போல.
வயிற்றில் கட்டியிருந்த கயிறு நடுங்கியது.

உடனே போன்.
அரவை மில் செல்வக்கனி:
'அண்ணாச்சி, டிரான்ஸ்பார்மரு வெடிச்சிட்டோ?'
இல்லம்மா.
கான்வென்ட் சிஸ்டர்: ஜன்னல் கண்ணாடி பதினொன்று.
இல்ல சிஸ்டர், கரண்டே இல்லையே.
ஸ்டேஷனிலிருந்து ஏட்டு.
நம்ம லைன் இல்லைங்க ஐயா.
'அப்பம் யாரு லைனுவே அது?'

பரமகல்யாணி சார்ஜர் லைட்டில்
பீடி சுற்றிக்கொண்டிருந்தவள்.
சத்தம் கேட்டுத் தெருவுக்கு ஓடியிருக்கிறாள்.
கல் அதற்குப் பிறகுதான் வந்தது.
திரும்பிப்போய்ப் பார்த்தால்
கூரை ஷீட்டில் ஓட்டை,
சொளவில் தூளுக்கு நடுவே
பனங்கொட்டை அளவில் கறுப்பாக அது.
தொட்டுப் பார்த்தாளாம்.
சுடவில்லை. ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்ததுபோல.
கருகின தீக்குச்சி வாசம்.
'இருநூறு பீடி நசுங்கிட்டு,
கம்பெனிக்காரன் கழிச்சிருவான்' என்றாள்
முதலில்.

காலையில் ஜீப் வந்தது.
கல்லை மூடி போட்ட கவரில் இட்டு,
மளிகைக்கடைத் தராசில் நிறுத்து,
கல் ஒன்று, எடை நானூற்றுப் பன்னிரண்டு கிராம்,
நல்ல நிலையில் பெறப்பட்டது என்று
எழுதிக் கொடுத்தார்கள்.
ஷீட்டுக்கு? என்று கேட்டாள்.
கிராம அதிகாரி உய்க்காட்டான்
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
புயல், வெள்ளம், தீ, இடி என்று
நாலு கட்டம் இருந்தது.
இடியை டிக் அடித்தார், அடித்தார்,
இதர என்று ஓரத்தில் எழுதினார்.
அது இன்னும் தாலுகாவில் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு.
அன்று ராத்திரி பதினொன்றே காலுக்கு
சப்ளை கொடுக்கச் சொல்லிவிட்டு
கம்பத்தடியில் நின்றேன்.
ஒவ்வொரு தெருவாக வந்தது.
அவள் வீட்டு மேலே மட்டும்
முழங்கை மொத்தத்தில் ஒரு வெளிச்சம்
கூரையிலிருந்து எழுந்து
தூசியோடு நின்றது.
வந்த வழியைக் காட்டிக்கொண்டு,
கொஞ்சம் மேற்கே சாய்ந்து.

இப்போது ஓட்டைமேல்
யூரியாச் சாக்கை விரித்துச் செங்கல் வைத்திருக்கிறாள்.
அந்திக்கு மேல் கம்பம் ஏறினால்
சாக்கு மஞ்சளாகத் தெரியும்.
அதில் அச்சடித்திருப்பதை
உச்சியிலிருந்தே படிக்கலாம்:
நிகர எடை நாற்பத்தைந்து கிலோ.
கொக்கி போடாதீர்.