ரேகை விழாதவர்

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை,
காப்பீட்டுப் பிரிவு, இரண்டாவது கவுன்ட்டர்.
மின்விசிறி சுற்றுகிறது, காற்று மட்டும்
மருந்தகம் பக்கம் போய்விடுகிறது.
எட்டேமுக்காலுக்கு
துப்பட்டா நுனியால் கருவியின்
கண்ணாடியைத் துடைக்கிறேன்.

பேரணாம்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில்
சம்பங்கி வந்திருக்கிறார்.
தோல் ஷெட்டின் சுண்ணாம்புக் குழியில்
இருபத்தாறு வருஷம் நின்றவர்.
வலது பெருவிரல் வைக்கச் சொன்னேன்.
சிவப்பு.
இடது.
சிவப்பு.
ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு.
இப்படி ஒருவர் இல்லை என்றது கருவி,
பத்து முறை.

"எதுர்லயே கீறேன், இல்லன்னா இன்னாம்மா?
ஆட்டுத்தோல்ல மயிர் உதிர்ற மாதிரி
இதுவும் உதிர்ந்துபோச்சு போல"
என்று கையைப் பார்த்துச் சிரித்தார்.
மனைவி ரேணு சிரிக்கவில்லை.
மஞ்சள் பையிலிருந்து காகிதங்களை எடுத்துவைத்தாள்.
ரேஷன் கார்டில் சம்பங்கி.
ஆதாரில் சம்பங்கி ராமன்.
ஸ்கேன் சீட்டில்
சண்பகம், பெண், வயது ஐம்பத்திரண்டு.

கண்ணைப் படிக்கும் கருவி
ரிப்பேருக்குப் போனது பங்குனியில்.
ஓடிபி போகும் எண் மகனுடையது,
ஓசூருக்குப் போனவன் சிம்மை மாற்றிவிட்டான்.

என் டிராயரில் ஒரு சின்ன பாட்டில்
தேங்காய் எண்ணெய் உண்டு.
எந்தச் சுற்றறிக்கையிலும் அது இல்லை.
சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து,
ஒரு சொட்டு தேய்த்து,
பதினேழாம் முறை பச்சை.
பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அனுமதிக்கு அனுப்பினேன்.
பதினொன்றரைக்கு சென்னையிலிருந்து கேள்வி வந்தது:
முந்தைய சிகிச்சைக் குறிப்புகளை இணைக்கவும்.
அங்கே இருப்பவர் கெட்டவர் இல்லை.
போன மாதம் ஒரு நர்சிங் ஹோம்
ஒரே ஆளின் குடல்வாலை
இரண்டு முறை அறுத்ததாக பில் அனுப்பியிருந்தது.
அந்தக் குடல்வாலுக்குத்தான்
சம்பங்கி பதில் சொல்கிறார்.
ஒழுங்காக அறுத்த இன்னொரு ஆஸ்பத்திரியோ
பழைய பாக்கி வரட்டும் என்று
எங்கள் போர்டைக் கழற்றி
மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறது.

குறிப்புகள் இருந்தன. எட்டு மாசத்துக்கு.
மாத்திரை, ஊசி, ரத்தப் பரிசோதனை,
குடியாத்தத்தில் எடுத்த ஸ்கேன்.
"இதுக்கெல்லாம் எவ்ளோ வரும்?" என்றாள் ரேணு.
வராதும்மா.
அட்மிஷன் போட்ட நாளிலிருந்துதான்.
"நடந்துகினு வந்து பாத்தா இல்லியா?"
இல்லை.
"வுழுந்தாதானா?"

பட்டியலை ஒருமுறை கீழே வரை உருட்டினேன்,
அவள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.
இதயத்துக்கு எண் இருக்கிறது, முட்டிக்கு இருக்கிறது.
சேட்டுக் கடையில் இருக்கும் கம்மலுக்கு,
வேலைக்குப் போகாத நாட்களுக்கு,
ஷேர் ஆட்டோவுக்கு இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் கவுன்ட்டர் காலி.
வெளியே வேலூர் வெயில்
ஆம்புலன்ஸ் மேல் நின்றது.
என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன்.
முதல் தடவையே பச்சை.
பெயர் சரி. பிறந்த தேதி சரி.
கீழே சின்ன எழுத்தில்: தகுதி இல்லை.
ஒப்பந்தச் சம்பளம், வரம்பைத் தாண்டி
மாதம் எண்ணூறு ரூபாய்.
பித்தப்பையில் கல் இருக்கிறது எனக்கு,
அதன் குறியீட்டு எண்
பார்க்காமலே வரும்.

நாலரை மணிக்கும் திரையில்
'பரிசீலனையில்' என்றே இருந்தது.
சம்பங்கி நடைபாதையில் படுத்துத் தூங்கிவிட்டார்,
உள்ளங்கை இரண்டும் மேலே பார்க்க.
ரேணு பஸ் நேரத்தை
ஒவ்வொருவரிடமாய்க் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு.
துடைக்கவில்லை.
அடுத்து நின்றவள் பீடி சுற்றுகிறவள்,
விரலை நீட்டும்போதே தெரிந்தது.