ஆறாவது பங்கு

ஒன்பது நாற்பதுக்கு மின்சாரம் போனது.
பதினெட்டு டிகிரிக் குளிர்பெட்டிக்குள்
தொண்ணூற்றாறு குழிகள், குழிக்கொரு துளி.
நான்காம் வரிசை ஏழாம் துளியில் மட்டும்
உடைத்த கல்கண்டின் பொடி அளவில்
ஒரு படிகம்.

பத்தொன்பது.
இருபது.
பகலெல்லாம் விழுங்கிய சித்திரை வெயிலை
ஆய்வகச் சுவர் இப்போதுதான் கக்குகிறது.

உப்பா புரதமா என்று
ஊசியால் குத்திப் பார்க்கலாம்.
நொறுங்கினால் உப்பு.
வெண்ணெயாக நசுங்கினால் புரதம்,
அப்புறம் அது படிகமும் இல்லை.
குத்தவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு
ஜெனரேட்டர் கொட்டகைக்கு ஓடினேன்.

சேவுகன் டீசல் குழாயை வாயால் உறிஞ்சித் துப்பினார்.
"காத்துப் பிடிச்சிருச்சும்மா. பத்து நிமிசம்.
அம்புட்டு அவசரமா உள்ள என்னதான் இருக்கு?"

ஒரு மோட்டார், என்றேன்.
ஆறு பேர் கைகோத்த வளையம்.
நடுவே டி.என்.ஏ.வின் ஓரிழை.
முறுக்கைப் பிரித்துக்கொண்டே போகும்,
நொடிக்கு ஆயிரம் எழுத்து வரைக்கும்.
பிரிந்தால்தான் நகலெடுக்க முடியும்,
நகலெடுத்தால்தான் ஓர் உயிர் இரண்டாகும்.

"வளையம் சுத்துதா, கயிறு சுத்துதா?"

கருத்தரங்கில் என்னை உட்கார வைத்த கேள்வி.
மோட்டாரைத் தட்டிக்கொண்டே கேட்கிறார்.

போன மாதத்துப் படிகத்தின் வரைபடத்தில்
ஐந்து பேர் தெளிவாக நின்றார்கள்,
சுழல்படியில் ஒருவர் கீழ் ஒருவராக,
ஆளுக்கு இரண்டு எழுத்தைப் பிடித்தபடி.
ஆறாவது ஆள் வெறும் புகை.
நீல வலையில் அங்கங்கே கிழிசல்.
"வெட்டிவிடு, எண்கள் நன்றாக வரும்"
என்றார் நெறியாளர்.

கொட்டகைச் சுவரில் விரலால்
கரியில் வரைந்து காட்டினேன்.
சேவுகன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எங்க தெற்குத்தெருவில முறைத்தண்ணி இப்படித்தான்.
வாய்க்காலுக்கு ஆறு பங்கு.
ஒருத்தன் மடையை அடைச்சாத்தான் அடுத்தவன் தொறக்கணும்.
கடைமடைக்காரன் பாய்ச்சி முடிச்சா
முறை திரும்பவும் தலைமடைக்குப் போகும்.
யாரும் சுத்துறதில்லை தாயி,
முறைதான் சுத்துது."

பிறகு, கையைத் துடைத்தபடி:

"முறை மாறுற நேரத்தில போட்டோ புடிச்சா
அஞ்சு பேரு வயல்ல இருப்பான்.
ஒருத்தன் மம்பட்டியோட வரப்புல நடந்துக்கிட்டிருப்பான்.
அவன் எப்பிடித் தெளிவா விழுவான்?"

இருபத்திமூன்று, என் கணக்குக்கு.
எதிரே நாகமலை இருட்டில் நீட்டிப் படுத்திருந்தது.
நாகம் என்று பேர்தான்,
உடம்பில் ஒரு முறுக்கு கிடையாது.

"சரி, பிரிச்ச இன்னொரு இழை?"
அதைத் தலைகீழாக நகலெடுக்க வேண்டும்,
துண்டு துண்டாக, பிறகு ஒட்டு.
"நம்ம பைபாஸ் ரோடு!"
சிரித்ததில் இருமல் வந்துவிட்டது அவருக்கு.
இருமல் தீரும் முன்னே ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது.

பெட்டியைத் திறந்தேன்.
இருபத்திநான்கு.
படிகத்தின் குறுக்கே மயிரிழைப் பிளவு.
பிளவைத் தள்ளிவிட்டு
நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தேன்.
அழவில்லை. ஒரு தடவை அழுதிருக்கிறேன்,
அது உப்புப் படிகத்துக்கு.

பழைய வரைபடத்தைத் திரையில் விரித்தேன்.
வெட்டுவதற்காக நான் குறித்து வைத்திருந்த இடம்.
புகையின் ஒரு நுனி அடிப்படியில்.
இன்னொரு கிழிசல், மிக மங்கலாக,
மேற்படிக்கும் மேலே.
இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை,
வரப்பு மட்டும்.

கீழே சேவுகன் போனில் கத்துவது கேட்டது:
"ரெண்டு மணிக்கு நம்ம முறைடா,
தூங்கிப்புடாதே."

குறியை அழித்தேன்.
ஆறாவது பங்கின் பக்கத்தில்,
நெறியாளர் கேட்பார் என்று தெரிந்தும்,
தமிழிலேயே எழுதி வைத்தேன்:
வந்துகொண்டிருக்கிறான்.