மூன்றாவது திருகு

கானாடுகாத்தான் பள்ளிக்கூடத்தில் காட்டிவிட்டு
பள்ளத்தூர் திரும்பும்போது குலுங்கியிருக்கிறது.
அந்த வளைவில் ஒரு வேகத்தடை,
யாரோ ராத்திரியோடு ராத்திரியாய்ப் போட்டது.

பிலிம் டப்பா மூடியில் ஊசியால் துளையிட்டு
கண்வில்லை இருக்கவேண்டிய இடத்தில் செருகிப் பார்த்தேன்.
பெரிய கண்ணாடி ஒரு பக்கம்
கடித்த அப்பளமாகத் தெரிந்தது.

சின்னக் கண்ணாடியை நானே நிமிர்த்திவிடுவேன்.
பெரியதற்கு ஆள் வேண்டும்.
குழாய் நாலடி. கண் இந்த முனை, திருகு அந்த முனை.
என் கை எட்டுவது மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு.

மொட்டைமாடி மட்டும் இன்னும் பாகம் பிரியவில்லை.
அதன் மறுகோடியில்
பெத்தபெருமாள் போனைத் தூக்கிப் பிடித்து
சிக்னல் தேடிக்கொண்டிருந்தான்.
பேச்சு நின்று நாலு வருஷம்.
நலம் விசாரிப்பதுகூட வக்கீல் வழியாகத்தான்.

"இதைக் கொஞ்சம் திருகணும்" என்றேன்
குழாய்க்குள் தலைவைத்து,
குழாயிடம் சொல்வதுபோல.

வந்தான். குந்தினான்.
பங்குனி வெயில் குடித்த தட்டோடு
எட்டு மணிக்கும் சுட்டது.
"எதை?"
"மூணு இருக்கும். மேல உள்ளதை. வலப்பக்கமா, அரைக்கால் சுத்து."
"யாரு வலம்?"

யோசிக்க வேண்டியிருந்தது.
"ஒன்னோட வலம்."

கண்ணாடி நடுவில் நான் ஒட்டிய காகித வளையம்,
பேரேட்டு ஓட்டைக்கு ஒட்டுவது,
நத்தையாக நகர்ந்தது.
"போதும்."
"போதும்னா நிறுத்தவா, திருப்பவா?"
"நிறுத்து. இல்ல, இன்னும் கொஞ்சம்.
ஐயோ தாண்டிருச்சு. திருப்பு. இப்ப மூணாவது."
நாலு வருஷத்தில்
நாங்கள் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

வளையத்துக்குள் கரும்புள்ளி வந்து உட்கார்ந்தது.
"நான் பாக்கலாமா?"
மூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.
"உள்ள ஒரு கண்ணு இருக்கு."
"ஒன்னோடதுதான்."
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு, "நெழல் நடுவுல இல்லியே. தள்ளி நிக்குதே."
"சின்னது சாஞ்சு நிக்குது. அதோட நெழல்
ஒரு நூல் தள்ளித்தான் விழும். அதுதான் சரி."
அவன் நம்பவில்லை.
ஒன்றுக்குள் ஒன்று ஒக்க இருந்தால்தான் சரி
என்பது அவன் கட்சி; கோர்ட்டிலும்.

துருவனை வைத்துச் சோதித்தால் நல்லது, நகராது.
ஆனால் எங்கள் ஊருக்கு அது பத்து டிகிரிதான் உயரம்.
கைப்பிடிச்சுவரில் நிற்கும் சுதைச் சிப்பாயின்
துப்பாக்கிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.
சிப்பாய் யார் பங்கு என்று இன்னும் தீரவில்லை.

சுவாதியைப் பிடித்தோம்.
நழுவ நழுவக் குழாயைத் தட்டிக்கொடுத்து,
கவனம் கலைத்து, புள்ளியை ஊதி வட்டமாக்கினேன்.
வளையத்துக்குள் வளையம்,
தட்டோட்டுச் சூட்டில் நெளிந்தபடி,
ஆனாலும் வட்டம்.

"இது என்ன விலை?"
"முப்பத்தெட்டாயிரம்."
"கடைக்காரர் நாப்பது குடுத்தேன்னாரே."

கீழே, வளவின் வடக்குச் சுவரில்
ஆளுயரத்துக்கு ஒரு வெளுத்த கட்டம் இருக்கிறது.
பெல்ஜியம் கண்ணாடி தொங்கிய இடம்.
மனுவில் ஏழாவது பத்தி.
'யாரென்று தெரியாத நபர்களால்'
என்று நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"மிச்சத்துல இந்தக் கண்வில்லை" என்றேன்.
உள்ளங்கையில் வாங்கி எடை பார்த்தான்.
திருப்பிக் கொடுத்தான்.
ஒன்றும் சொல்லாமல் பின்னால் போய்க் குந்தி
பூட்டுத் திருகை முறுக்கினான்.
கோபமா, கைவாகா, தெரியவில்லை,
கடைசி அரைச்சுற்று கிறீச்சிட்டது.

சுவாதி இடப்பக்கமாக வீங்கியது.
"போச்சு."

திங்கட்கிழமை வாய்தா.
இருட்டில் அவன் முட்டி சொடுக்கும் சத்தம் கேட்டது.
"எந்தத் திருகு?" என்றான்.