நுரை வந்த தேன்

பத்தொன்பது வருடமாக என் வேலை
தேன் புளிக்காமல் பார்த்துக்கொள்வது.
மார்த்தாண்டத்தில், பம்மத்துக்குப் போகிற ரோட்டில்,
ரப்பர் ஷீட் கடைக்கு மேல் மாடி, சங்கத்தின் சோதனை அறை.
டின்னைத் திறப்பேன், மூக்கை வைப்பேன்,
தகட்டில் ஒரு சொட்டு இழுத்து
ஜன்னலுக்கு நேரே பிடித்து ஈரம் பார்ப்பேன்.
நுரை கண்டால் சிவப்பு மையில் ஒரு கோடு.
அதோடு அந்த டின்னுக்குப் பாதி விலை.

எங்கள் ரப்பர் தேன் இளகினது.
பூவில் ஊறுகிற தேனும் அல்ல அது.
மரம் மொட்டையாகி, மாசியில்
செம்பு நிறத் தளிர் விடும்போது
இலைக்காம்பின் மூட்டில் கசிவது.
ஆட்களுக்கு அவசரம்;
ஈ மெழுகு வைத்து மூடுமுன்னே
அடையைச் சுழற்றிவிடுவார்கள்.

களியல் தோபியாஸ் போன பங்குனியில்
நாலு டின் கொண்டுவந்தார். நாலிலும் நுரை.
"மழை பெஞ்சது எனக்க குத்தமா?"
நான் கோடு போட்டேன்.
அவர் கையெழுத்துப் போடாமல் படியிறங்கினார்.

மூலையில் கிடந்த அந்த நாலு டின்னைத்தான்
பெங்களூரிலிருந்து வந்த தாடிக்காரப் பையன் கேட்டான்.
சின்ன பீர்க் கம்பெனி, மொத்தம் ஆறு பேராம்.
"புளிச்சதாக்கும் தம்பி."
"நாங்களும் அதைத்தானே அக்கா செய்யப்போறோம்!"

நேற்று ஆம்னி பஸ் கிளீனர் கையில்
பேப்பர் சுற்றிய இரண்டு பாட்டில் வந்தது.
பிரவுன் ஏல்.
லேபிளில் ஒரு தேனீ,
கால் நாலுதான் போட்டிருக்கிறார்கள்.

இன்று ஆறு மணிக்குமேல், எல்லோரும் போனபின்,
மாதிரிகள் வைக்கும் ஃபிரிட்ஜிலிருந்து ஒன்றை எடுத்தேன்.
திறக்க ஒன்றும் இல்லை.
அடை சீவும் கத்தியின் முதுகால் நெம்பினேன்.
மூடி பறந்து தராசுத் தட்டில் விழுந்தது, இரண்டு கிராம்.

சோதனைக் கண்ணாடியில் ஊற்ற,
கட்டன் காப்பியை மேற்கு வெயிலுக்குக் காட்டிய நிறம்.
மேலே ஒரு விரல் கனம் நுரை.
கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடிற்று.

முதல் வாய், குளிர் மட்டும்.
அடுத்தது பேக்கரி ரொட்டியின் கருகின ஓரம்.
அப்புறம், இது எனக்குத் தெரியும்,
அண்டியாபீஸ் பக்கம் காற்று திரும்பும்போது வருகிற
வறுத்த அண்டியின் தொலி.
நாக்கின் அடியில் ஒரு கசப்பு,
கோபமில்லாதது.

தேனைத் தேடினேன்.
ஒரு கிலோ ஈரத்தை ஒரு சொட்டில் சொல்லுகிற நாக்கு இது.
இல்லை.
நாலு டின் இனிப்பையும்
ஈஸ்ட் வழித்துத் தின்றிருக்கிறது.

கரண்ட் போனது.
மேம்பாலத்தில் வண்டி விளக்குகள் ஊர்ந்தன.
கண்ணாடியைக் கைக்குள் பொத்தியபடி
சும்மா இருந்தேன், அரைமணி இருக்கும்.
பீர் என் உள்ளங்கைச் சூட்டுக்கு வந்தது.
பழக்கதோஷம், மூக்கை வைத்தேன்.

ஒருவர் எழுந்துபோன நாற்காலி
இன்னும் சூடாக இருக்குமே, அப்படி.
பெட்டிகள் பார்க்கப் போன அன்று
தோபியாஸின் தோட்டம்:
நனைந்து கிடந்த சருகு,
பால் வெட்டின பட்டை,
பெட்டிக்கால் சிரட்டையில் எறும்புக்கு ஊற்றின வெள்ளம்.
அத்தனையும், ஒரு சொட்டு இனிப்பில்லாமல்.

கோடு தப்பில்லை.
நாளைக்குக் கொண்டுவந்தாலும் போடுவேன்.
குப்பியில் அடைத்தால் கடைக்காரன் முகத்தில் மூடி தெறிக்கும்.
ஆனாலும் போன் வெளிச்சத்தில்
ஒரு படிவம் எடுத்தேன்.
நிறம், எழுதினேன். மணம், இடம் போதவில்லை.
நுரை: உண்டு.
முடிவு என்ற கட்டத்தில்
பேனா நின்றது. கரண்ட் வந்தது. மடக்கி வைத்தேன்.

மற்ற பாட்டிலோடு
காலையில் களியல் பஸ் ஏறவேண்டும்.
தோபியாஸ் பெந்தெகொஸ்தே,
கல்யாண வீட்டு ஒயினைக்கூடத் தொடாத ஆள்.
குடிக்கண்டாம், மூக்கை மட்டும் வையும் என்பேன்.
முதலில் கையில் பொத்திப் பிடியும், சூடாகட்டும்.

மழை பெஞ்சது எனக்க குத்தமா என்று
மறுபடியும் கேட்பார்.
கேட்கட்டும்.