ஒரு நேரத்தில் ஒரு கம்பி

மங்காஃபில் எங்கள் அறைக் கத்தரிக்கோலுக்கு
ஒரு பல் விழுந்திருக்கிறது.
அலகின் நடுவே, மிளகளவு.
பால் பாக்கெட்டை வெட்டும்போது
அந்த இடத்தில் மட்டும் நழுவும்.

செய்தது நான்தான்.
பாட்டரியின் சிவப்பையும் கறுப்பையும்
சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டு.
நீலமாய் ஒரு சத்தம்.
மேல்கட்டிலில் தூங்கிய ரோமெல்
எழுந்து, கூரையில் தலையை இடித்து,
தன் மொழியில் யாரையோ கூப்பிட்டான்.
அப்புறம் இறங்கி வந்து
என் விரல்களை எண்ணினான்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை
வஃப்ரா சாலைக்கு அப்பால், மணலில்
எங்கள் நான்கு வண்டிகள்.
நான்கும் முழங்கை நீளம்.
நான்குக்கும் நான்கு விதமான வாய்.

என்னுடையது வாங்கும்போதே வந்த வெள்ளை டாமியா.
சமதரைக்கு அது போதும்.
மேடு ஏற ஏற மோட்டார் இன்னும் கேட்டது,
அது கொடுக்கப் பார்த்து
கொடுக்க மாட்டாமல் இளகி
ஆணும் பெண்ணும் ஒரே மெழுகுக் கட்டியாகிவிட்டது.

ஷொஃபிகுலுடையது டி பிளக்.
ஒரு தகடு நின்றபடி, ஒரு தகடு படுத்தபடி.
குறை சொல்வதற்கில்லை, மின்சாரம் அதில் தயங்காது.
வியர்த்த கையால் பிடுங்கத்தான் ஆகாது.
ஆகஸ்டில் இங்கே வியர்க்காத கை யாருக்கு?
பல்லால் இழுத்து ஒருமுறை உதட்டைக் கிழித்துக்கொண்டான்.
ஆனாலும் மாற்ற மாட்டானாம்.

ஸனூப்புக்குத் தனித்தனித் தங்கமுனைகள்.
தப்பாக மாட்டினால் தப்பாகவே மாட்டிக்கொள்ளும்.
ஒரு மாலை மாட்டிக்கொண்டது.
வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி பதினெட்டு தினார்,
புகை இலவசம்.

அன்று கடைசியில்
ரோமெலின் பாட்டரிகளில் மட்டும் உயிர் இருந்தது.
மூன்று முழுசாய்.
எங்கள் வண்டிகள் அவற்றைச் சுற்றி நின்றன,
சோறு இருந்தும் நுழையாத வாயோடு.

இடையில் அடாப்டர் போடலாமே என்றான் ஸனூப்.
போடலாம்.
மதுரை ஏஜென்டு, அவனுக்கு மேல் மும்பை ஏஜென்டு,
அவனுக்கும் மேல் ஒருவன் என்று
இங்கே வந்து சேர்ந்தவன் நான்.
ஒவ்வொரு இணைப்பும்
தன் பங்கை எடுத்துக்கொண்டுதான்
மிச்சத்தை அனுப்பும்.

ரோமெலுடையது மஞ்சள். எக்ஸ்டி அறுபது.
அறுபது என்பது ஆம்பியர்.
எங்கள் வண்டிகள் அவ்வளவு கேட்கப்போவதில்லை,
கேட்காத இடத்தில் கொஞ்சம் இருக்கட்டும்.
ஒரு முனை சதுரம், மறுமுனை சரிவு:
இருட்டிலும் கட்டைவிரலுக்குத் தெரியும்.
பாட்டரிக்குப் பெண்முனை, வண்டிக்கு ஆண்.
எப்போதும் உயிரோடிருப்பதை
உள்ளே ஒளித்து வைக்க வேண்டும்.

பத்து ஜோடி வாங்கினேன்.
சூட்டில் முள் சாயாமலிருக்க
ஜோடியைச் செருகி வைத்துக்கொண்டு பற்றவைத்தேன்.
ஈயம் வெள்ளிக்காசு மாதிரி ஆறியது.
பார்த்துப் பூரித்து நிமிர்ந்தால்
கம்பியில் கோத்திருக்க வேண்டிய சுருங்குகுழாய்
தட்டில் கிடக்கிறது.
உருக்கி, கழற்றி, கோத்து, மறுபடி.
இரண்டாவது கம்பிக்கும் மறந்தேன்.

அடுத்த வெள்ளி, மூன்று வண்டிகள் மஞ்சள்.
பாட்டரிகள் கைமாறி கைமாறி
இஷா பாங்கு வரை ஓடினோம்.
ஷொஃபிகுலுக்குப் பதினாறு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது.
அவன் கேட்கவில்லை.
நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.
வண்டியைக் கவிழ்த்து வைத்து
டயரில் மணலைத் தட்டிக்கொண்டே இருந்தான்,
அவ்வளவு மணல் அதில் இல்லை.

சனி இரவு கதவைத் தட்டினான்.
அக்குளில் வண்டி, பையில் இரண்டு பாட்டரி.
"மிச்சம் இருக்கா?"
"மூணு ஜோடி."

கத்தரிக்கோலை எடுத்தேன்.
விழுந்த பல்லைப் பார்த்தான்.
என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.
சிவப்பை மட்டும் வெட்டினான்.
முனைக்கு டேப் சுற்றினான்.
பிறகு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே,
கறுப்பை.

சுருங்குகுழாயை முதலில் கோத்ததும்
அவன்தான்.