இரண்டு நிமிடத்துக்கு மிகாமல்

படிவத்தில் போட்டிருந்தது:
ஒன்று செந்தமிழில், ஒன்று உங்கள் விருப்பம்.
முகமும் தெரிய வேண்டும், காலும் தெரிய வேண்டும்,
வெட்டு ஒட்டு கூடாது.

கால் தெரிய வேண்டுமென்றால் மொட்டைமாடிதான்.
தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் குடைக்கும் நடுவே
ஆறடிக்கு நாலடி,
அதுதான் அரசவை.
நாலு செங்கல் மேல் செல்போன்,
அதன் பின்னால் தம்பி எபி,
ஒரு கண் என் மேல்
ஒரு கண் கொருக்குப்பேட்டை கேட் மேல்.

நான் அரசி.
போர்க்களத்திலிருந்து வந்தவனிடம் பேச வேண்டும்.
நானே எழுதியது;
தமிழ் ஐயா மூன்று ஒற்று மட்டும் போட்டுத் தந்தார்.

“தூதுவனே, நில்” என்றேன்.
சரக்கு ரயில் நிற்கவில்லை,
நாற்பத்திரண்டு பெட்டி.
மறுபடி “நில்” என்றதும்
கீழிருந்து பவுனக்கா,
“யார்கிட்டமே சண்டை, மேல வரட்டா?”
அப்புறம் மணலிக் காற்று.
ழகரத்தில் இருமல் வந்தால்
அது வேறெந்த எழுத்தாகவும் ஆகும்.

அழ வேண்டிய இடத்தில் அழுகை வரவில்லை.
“அழாமலே சொல்லேன், இன்னா இப்போ” என்றான் எபி.

ஒன்பதாவது தபா.
மகனின் உடல் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன்.
தெருவில் ஆரன்.
“லாரி வந்துட்ச்சி!”
படிக்கட்டெல்லாம் பிளாஸ்டிக் இடி.

அரசியை விட்டு நான் இறங்கவில்லை.
தூதுவன் கண்ணையே பார்த்து
அதே தாழ்ந்த குரலில் சொன்னேன்:
“நீலக் குடம் நம்முடையது.
முதலில் அதை வரிசையில் வை.
பிறகு வந்து சொல்,
என் பிள்ளை எந்த மண்ணில் கிடக்கிறான்?”

எபி ஓடிவிட்டான்.
மிச்சத்தைச் செங்கல்லிடம் சொன்னேன்.
அழுதேனா தெரியாது,
மூக்கு ஒழுகியது.

ராத்திரி போட்டுப் பார்த்தோம்.
பதினோராவது சுத்தம்,
ழ எல்லாம் ழ.
ஒன்பதாவதில் ஒரு குடம் இருக்கிறது,
ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி.
ஷிப்டு முடிந்து வந்த அம்மா
தோள்பையை இறக்காமலே பார்த்தாள்.

“அந்தப் புள்ள உடம்பு கெடச்சுதா, இல்லியா?”

அதுவரை எழுதவில்லைம்மா,
ரெண்டே நிமிஷம்தான்.

ஒன்பதாவதைத்தான் ஏற்றினேன்.
அறுபத்தொரு சதவீதத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.
நாளை கடைசி நாள்,
‘விருப்பம்’ இன்னும் எடுக்கவில்லை.